பொம்மியின் அப்பா

1954, 1955, 1956 ஆகிய மூன்று வருஷங்களும் பி. பானுமதி அம்மையாருக்குக் கள்வர்களோடேயே கழிந்தன. முதல் வருஷம் 'மலைக்கள்ளன்'. அடுத்த வருஷம் 'கள்வனின் காதலி'. அதற்கும் அடுத்த வருஷம் 'மதுரை வீரன்'. போதாததற்கு அதே 1956-ல் 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' வேறு! வேறெந்தப் பாஷைச் சினிமாவிலாவது ஒரே கதாநாயகி இத்தனை திருடர்களுக்கு மனசைப் பறிகொடுத்திருப்பாளா என்பது எனக்குச் சந்தேகந்தான்.

இந்தப் படங்கள் வெளிவந்தபோது நான் பிறக்கவில்லை. காவேரிப்பட்டினத்துப் பக்கம் டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். என் அக்காள் எனக்குத் துணை. அக்காளுக்கு முறுக்குத் துணை. மதுரை வீரனுக்குக் கையும் காலும் போகிற கட்டத்தில் கொட்டகையே விம்மி அழுதது. நான் மட்டும் அழவில்லை. "அது நெஜமில்லே, சினிமாதான்" என்று அக்காளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சென்ற பொங்கலை ஒட்டி அந்த மதுரை வீரன் மறுபடியும் என்னைத் தேடிக்கொண்டு ஓசூருக்கு வந்து சேர்ந்தான். வந்த விதத்தைச் சொல்கிறேன்.

நான் ஓசூரில் தமிழ் டீச்சர். என் அக்காளின் மகள் இங்கே கைபேசிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தங்கியிருப்பது பெண்களுக்கான ஹாஸ்டலில். திருநெல்வேலிப் பெண், திருவாரூர்ப் பெண், ஒரிஸ்ஸாப் பெண், ஜார்க்கண்டுப் பெண் என்று தேசத்தில் பாதி அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது. ஓசூரே அப்படித்தான். கடைத்தெருவில் கன்னடத்தில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் சண்டை போட்டுவிட்டு வரலாம். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். எங்கள் ஊர்க் காற்றுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் நாலைந்து தோழிகளுடன் என் வீட்டுக்கு வந்தாள்.

"சித்தி, பொங்கல் விழாவுக்கு ஹாஸ்டல்லே நாடகம் போடப் போறோம். நீங்கதான் எழுதித் தரணும். பழைய கதையா இருக்கணும், ஆனா இப்ப நடக்கிற மாதிரி இருக்கணும். லவ் இருக்கணும். வார்டன் முகம் சுளிக்கக் கூடாது."

"கொள்ளைக்காரன் கதைன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள் திருநெல்வேலிப் பெண். அவள் ஊர்ப்பக்கம் ஜம்புலிங்கம் கதை பிரசித்தம்.

கொள்ளைக்காரன் என்றதும் இன்னொருத்தி ஆர்வத்தோடு வீரப்பன் பெயரை எடுத்தாள். அதற்கு மட்டும் நான் கண்டிப்பாய் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வயது இருபத்திரண்டு; எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2000-ம் வருஷம் ஜூலை முப்பதாம் தேதி ராத்திரி கன்னட நடிகர் ராஜ்குமாரைக் காஜனூரிலிருந்து தூக்கிக்கொண்டு போனபோது, 108 நாள் இந்த எல்லையில் இருந்தவர்கள் மூச்சு விட்டது எப்படி என்று எங்களைக் கேட்க வேண்டும். பஸ் நிற்கும், கடை மூடும், அந்தப் பக்கம் வேலைக்குப் போன தமிழர் வீட்டில் சாயந்திரம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2004 அக்டோபரில் தர்மபுரி ஜில்லாப் பாப்பாரப்பட்டிக்கு அருகே அவன் கதை முடிந்தது. அவனால் செத்தவர்கள் நூற்றுக்கு மேல். அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்குள் காதல் கதை பண்ணுவதாவது!

ஆகவே முந்நூறு வருஷத்துக்கு மேல் பழகிப்போன கள்வனே மேல் என்று மதுரை வீரனை எடுத்தோம்.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் வேலைக்கு வேண்டிய மட்டும் சொல்லிவிடுகிறேன். காசி ராஜாவுக்கு மாலை சுற்றிப் பிறந்த குழந்தை. குலத்துக்கு ஆகாது என்று காட்டில் விட்டுவிடுகிறார்கள். சின்னானும் செல்லியும் எடுத்து வளர்க்கிறார்கள். அவர்கள் தோல் தைக்கும் ஜனங்கள். பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மி பெரியவளாகி ஊருக்கு வெளியே குடிசையில் இருக்கிறாள், சின்னான் காவல். ஒரு மழை ராத்திரி சின்னானுக்கு முடியாமல் போக, மகன் காவலுக்கு வருகிறான். அப்புறம் என்ன? இரண்டு பேரும் ஓடிப்போகிறார்கள். அப்பா படையோடு துரத்துகிறார், சண்டையில் சாகிறார். வீரன் திருச்சிக்குப் போய், அங்கிருந்து கள்ளர்களை அடக்க மதுரைக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் தானே கள்ளன் என்று பிடிபட்டு, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். பிறகு தெய்வமாகிறான். மதுரை மீனாட்சி கோவில் கிழக்குக் கோபுரத்தருகே அவனுக்குச் சந்நிதி உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அவனுடைய மேடைகளை எண்ணி முடியாது.

இந்தக் காசி ராஜா சமாசாரம் பிற்பாடு ஒட்டியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தோல் தைக்கிறவன் பிள்ளை நாயக்கர் மகளை மணந்தான் என்று சொல்ல யாருக்கோ நாக்கு கூசியிருக்கிறது. ராஜா வீட்டுப் பிள்ளைதான், இடம் மாறி வளர்ந்துவிட்டான் என்றால் எல்லோரும் பெருமூச்சு விடலாம் அல்லவா? இதில் நாம் மட்டும் தனி ஜாதி இல்லை. இங்கிலீஷ்காரர்களின் ராபின் ஹூட்டைப் பாருங்கள். பழைய கதைப் பாட்டுக்களில் அவன் சாதாரணக் குடியானவ வீரன். 1598-ல் ஆந்தனி மன்டே என்பவர் நாடகம் எழுதி அவனைப் பிரபுவாக்கிவிட்டார். அவனுடைய காதலி மேரியன் இருக்கிறாளே, அவளும் அந்தப் பழைய பாட்டுக்களில் கிடையாது. பின்னால் வந்து சேர்ந்தவள்தான்.

'மலைக்கள்ள'னும் இந்த ரகந்தான். நாமக்கல் கவிஞரின் நாவல். கோயமுத்தூர் பட்சிராஜாவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த படம். தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று ஐந்து பாஷையில் மறுபடியும் எடுத்தார்கள். கன்னடத்தில் அது 1957-ல் 'பெட்டத கள்ள' என்று வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பாட்டி அது தங்கள் ஊர்க் கதை என்று கடைசி வரை சாதித்தார். ஐந்து பாஷை ஜனங்களுக்கும் பிடித்துப்போன காரணம் எனக்குத் தெரியும். முகமூடியைக் கழற்றினால், திருடன் கதாநாயகியின் காணாமற்போன உறவுக்காரப் பிள்ளை! பயந்ததெல்லாம் பயந்து, கடைசியில் முறையான இடத்திலேயே சம்பந்தம். கல்கியின் முத்தையனுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை; போலீஸ் குண்டுதான் கிடைத்தது.

நாடகத்துக்கு வருவோம்.

இந்தக் காலத்தில் பொம்மியின் குடிசை எது? இதற்கு நான் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. "ஹாஸ்டல்தான் சித்தி!" என்று ஐந்து பேரும் ஒரே குரலில் கூவினார்கள். ஊருக்கு வெளியே தனியாய் ஒரு கட்டடம், சுற்றிலும் காம்பவுண்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் கேட் பூட்டு, வாசலில் காவல்காரர். சரி, அப்படியானால் சின்னான் ஹாஸ்டல் வாட்ச்மேன். அவருடைய மகன் வீரன் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் காண்டிராக்ட் ஆள். மழை ராத்திரியில் அப்பாவுக்குக் காய்ச்சல். மகன் வந்து கேட்டில் உட்காருகிறான். செகண்ட் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. முப்பது பெண்கள் இறங்குகிறார்கள். குடை இருப்பது ஒன்று. வீரன் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கும் படிக்கும் முப்பது தடவை நடக்கிறான். முப்பதாவதாக வருகிறவள் பொம்மி. வார்டன் அம்மாளுக்குக்கூட இந்தக் கட்டம் பிடித்திருந்தது. ஆனால் குடை பெரிய குடையாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்.

மாறுகால் மாறுகைதான் கஷ்டமாக இருந்தது. இந்தக் காலத்தில் யார் கையை வாங்குகிறார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, திருவாரூர்ப் பெண் மெல்லச் சொன்னாள்: "பிரஸ்ஸு வாங்குது, டீச்சர்."

எல்லோரும் சும்மா இருந்தார்கள். வண்டிகளுக்குத் தகடு வெட்டித் தரும் சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் என்று ஒன்று உண்டு. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. கை இரண்டும் பொத்தானில் இருந்தால், அச்சின் கீழே இருக்காது அல்லவா? ஆனால் மணிக்கு இத்தனை உருப்படி என்று விரட்டுகிற இடங்களில், ஒரு பொத்தானை அழுத்தினபடியே கட்டிவிடுவார்கள். வேலை வேகமாக நடக்கும். ஒரு நாள் விரலும் போகும். இது இந்த ஊர் என்றில்லை. தேசத்தில் மோட்டார் சாமான் செய்யும் ஊர்கள் எல்லாவற்றிலும் உள்ளதுதான். என் வகுப்பில் படித்த பையன்களிலேயே இரண்டு பேர் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டவர்கள்.

ஆகவே எங்கள் வீரனுக்கு வலது கையில் மூன்று விரல் போகிறது. நஷ்டஈடு கேட்கிறான். கேட்ட மறுநாள், பித்தளைத் துண்டு திருடினான் என்று அவன் மேலேயே குற்றம் எழுதிவிடுகிறார்கள். கள்ளனைப் பிடிக்கப் போனவனைக் கள்ளன் என்று பிடித்த பழைய கதை, இவ்விதமாக, நாங்கள் இழுக்காமலே வந்து பொருந்திக்கொண்டது. ஜார்க்கண்டுப் பெண்ணுக்கு இதை இந்தியில் விளக்கியபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "எங்கள் பிர்ஸா முண்டாவையும் வெள்ளைக்காரன் குற்றவாளி என்றுதான் சொன்னான்" என்றாள். 1900-ல் ராஞ்சி ஜெயிலில் செத்த பிர்ஸாவை அவள் ஊரில் பகவான் என்றே சொல்கிறார்களாம்.

வெள்ளையம்மாளைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. மதுரை வீரனுக்கு அவள் இரண்டாவது காதலி. "காதல் கதையிலே ரெண்டு பேர் எதுக்கு? வெட்டிடுங்க" என்று பெரும்பான்மை தீர்மானித்தது. நாலு நிமிஷத்தில் வெள்ளையம்மாள் வெட்டப்பட்டாள். படத்தில் பத்மினி ஆடியதெல்லாம் வீண்!

பாத்திரம் பிரிக்கும்போதுதான் ஒரு விசித்திரம் நடந்தது. பொம்மி வேஷம் என் அக்காள் மகளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "நான் பொம்மண்ண நாயக்கர்" என்றாள். மீசை வைத்துக்கொள்ள ஆசை போலும் என்று விட்டுவிட்டேன்.

ஒத்திகையில் நாயக்கருக்கு நான் எழுதிய வசனம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. குலப் பெருமை, மானம், மரியாதை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவள் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் போகும் வரை காத்திருந்து சொன்னாள்:

"சித்தி, அப்பா இப்படிப் பேச மாட்டாரு."

"எந்த அப்பா?"

"என் அப்பா."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். பையன் அவள் கம்பெனியிலேயே மெயின்டனன்ஸில் இருக்கிறான். ஐ.டி.ஐ. படித்தவன். சூளகிரிப் பக்கம் கிராமம், வீட்டில் தெலுங்கு. அவன் அப்பா ரோஜாத் தோட்டத்தில் பசுமைக் குடிலுக்குள் வேலை செய்கிறார். இரண்டு வருஷமாகப் பழக்கம். எந்த ஜாதி என்றா கேட்கிறீர்கள்? சின்னானும் செல்லியும் எந்த ஜாதியோ அதுதான்.

எனக்கு உள்ளங்கை ஜில்லிட்டுப் போயிற்று. காரணம் உண்டு. இந்த ஜில்லாவில் ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்களைச் சொந்த ஜனங்களே கொன்றது 2018-லும் நடந்தது, 2023-லும் நடந்தது. அவற்றைப் பத்திரிகையில் படித்த ஓசூர்க்காரர்கள், அந்தத் தெருவை, அந்தச் சாலையைத் தெரிந்தவர்கள். முந்நூறு வருஷத்துக் கதை என்று நாம் கொட்டகையில் அழுதுவிட்டு எழுந்துபோக முடிகிற விஷயமில்லை இது.

"ராஜாஜி கதை தெரியுமா உனக்கு?" என்றேன். ஓசூருக்குப் பக்கத்திலே தொரப்பள்ளியில் பிறந்தவர் அல்லவா ராஜாஜி? அவர் மகள் லக்ஷ்மியும் காந்தியின் மகன் தேவதாஸும் மனசு ஒத்துப்போனார்கள். ஜாதி வேறு, பாஷை வேறு. இரண்டு தகப்பனார்களும் கலந்து பேசி, ஐந்து வருஷம் பார்க்காமல் காத்திருங்கள், அப்போதும் இதே மனசு இருந்தால் சம்மதம் என்றார்கள். அப்படியே காத்திருந்து 1933-ல் புனாவில் கல்யாணம் நடந்தது.

"காத்திருக்கிறதுக்கு எங்களுக்குப் பயமில்லே சித்தி" என்றாள் அவள். "அவங்களுக்குக் காத்திருந்தா சம்மதம்னு ரெண்டு அப்பாவும் வாக்குக் கொடுத்தாங்க. எனக்கு யார் கொடுப்பா? காத்திருக்கிற அஞ்சு வருஷத்திலே எனக்கு வேறே மாப்பிள்ளை பார்த்து முடிச்சுடுவாங்க."

பதில் சொல்லத் தெரியவில்லை. தமிழ் டீச்சருக்கே!

அடுத்த சனிக்கிழமை நான் காவேரிப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். தை மாதம் பிறக்க நாலு நாள் இருந்தது. மா பூ எடுக்கும் சமயம். அக்காள் வீட்டுக்காரர் தோப்பில் நின்று, ஒரு பூங்கொத்தைத் தாழ்த்திப் பிடித்துத் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா டீச்சர். என்ன திடீர்னு?"

"தோப்பைப் பாக்கலாம்னு வந்தேன், மாமா."

"பூவைப் பாக்கவா ஓசூர்லேருந்து பஸ் ஏறி வந்தே? வந்த சேதியைச் சொல்லு."

சொன்னேன். அக்காள் பின்னாலேயே வந்து, ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு முன்பே தெரியும் என்று புரிந்தது. எந்தத் தாயாருக்குத் தெரியாமல் இருக்கும்? மாமா மட்டும் பூங்கொத்தை விடவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் சொன்னார்: "எனக்குக் கோபம் வந்தா ரெண்டு நாள்லே தணிஞ்சுடும். என் பங்காளிங்க கோபம் அப்படி இல்லே. உனக்கு அவங்களைத் தெரியாது."

ஆறு வீட்டுப் பங்காளிகள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவாய்த் தோப்பு முனையில் ஒரு கோவில் இருக்கிறது. கோவில் என்றால் மேடையும் மூன்று கல்லும் ஒரு புளியமரமுந்தான். மாசியில் கிடாவெட்டு. சுருட்டும் சாராயமும் வைத்துப் படையல். அந்த வருஷம் படையல் முறை மாமாவுக்கு. நேயர்களே, அந்த மேடையில் இருக்கும் குலசாமி யார் என்று நினைக்கிறீர்கள்? சாக்ஷாத் மதுரை வீரன்தான்! பக்கத்திலே பொம்மி, வெள்ளையம்மாள்.

"அங்கே கும்பிடறது யாரை, மாமா?" என்றேன்.

"சாமி வேறே, சம்பந்தம் வேறே" என்றார். சற்றுப் பொறுத்து, "அவரு என்ன, காசி ராஜா பெத்த பிள்ளை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒட்டு எதற்காகப் போடப்பட்டது என்று புஸ்தகத்தில் படித்ததைவிட அன்றைக்குத் தோப்பில் நின்றபோது எனக்கு நன்றாக விளங்கிற்று. அது மாமா மாதிரியான மனுஷர்களுக்காகப் போட்ட ஒட்டு. அவர் கெட்டவர் இல்லை. மகளை ஐ.டி.ஐ. பக்கத்திலே விட மாட்டேன் என்று பங்காளிகள் சொன்னபோது பாலிடெக்னிக்கில் சேர்த்தவர். ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண் கலங்கியதை மறைக்க, திரும்பி வரும்போது மூன்று மணி நேரம் பஸ்ஸில் தூங்குகிற மாதிரி நடித்தவர்.

"காசி ராஜா பெத்துப் போட்டாரு. எடுத்துப் பால் கொடுத்தது செல்லிதானே" என்றாள் அக்காள், மரத்தடியிலிருந்து. முப்பது வருஷத்தில் அவள் கணவரிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா கொத்தை விட்டுவிட்டு மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நாடகத்துக்கு வரச் சொல்லிவிட்டு நான் திரும்பினேன். வருவார் என்று நம்பவில்லை.

முடிவு என்ன வைப்பது என்று ஹாஸ்டலில் ஓட்டெடுப்பே நடந்தது. வீரன் சாக வேண்டும் என்றது ஒரு கட்சி. அழாமல் போனால் என்ன நாடகம் என்பது அவர்கள் வாதம். இரண்டு பேரும் ஜூஜுவாடி தாண்டி ஓடிவிட வேண்டும் என்றது இன்னொரு கட்சி. வீரன் யாரோ முதலாளியின் காணாமற்போன பிள்ளை என்று வைத்துவிடலாமே என்று ஒருத்தி கேட்டாள். அவளை எல்லோருமாகச் சேர்ந்து உட்கார்த்திவிட்டார்கள். கடைசியில் என் அக்காள் மகள், "கடைசி சீன்லே நாயக்கர் என்ன பேசறாருன்னு எழுத வேண்டாம். நான் அன்னிக்கு மேடையிலே பேசிக்கறேன்" என்றாள். எனக்கு வயிற்றில் புளி கரைத்தது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மைதானத்தில் ஜமக்காளம் விரித்து, ஸீரியல் பல்பு கட்டி, முன்னூறு பெண்களுக்கு மேல் கூடியிருந்தார்கள். விளக்கு அணைந்த பிறகு, மூன்றாவது வரிசை ஓரத்தில் அக்காளும் மாமாவும் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மாமா வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. யாரோ கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி விறைப்பாய் இருந்தார்.

மீசையும் தலைப்பாகையுமாக மகள் வந்து நின்றபோது ஒரே சிரிப்பு. மாமாவும் சிரித்தார், நான் பார்த்தேன். குடைக் காட்சிக்குக் கைதட்டல் ஓயவில்லை. பிரஸ் காட்சியில் பின்னால் ஒரு தகரத்தில் சம்மட்டியால் அடித்தார்கள். அந்த ஒரே ஒரு சத்தத்துக்கு முன்னூறு பேரும் கையை மடியில் இழுத்துக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சி. ஹாஸ்டல் கேட். நாயக்கர் ஆட்களோடு வந்து நிற்கிறார். வாட்ச்மேன் சின்னான் தடியை மறித்துப் பிடித்து, "ஒன்பது மணிக்கு மேலே யாரும் உள்ளே போகக் கூடாது, ஐயா" என்கிறார். நாயக்கர் ஆட்களைப் பார்க்கிறார். "நீங்க போய் எதிர்லே டீ குடிங்க" என்று அனுப்புகிறார். பொம்மி கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கட்டுப் போட்ட கையோடு வீரன் அவள் பக்கத்தில்.

நாயக்கர் பேசவில்லை. மேடையில் அரை நிமிஷம் என்பது வெகு நீளம். மறந்துவிட்டாள் என்று நான் பதறினேன். அப்புறம் அவள் அப்பா குரலிலேயே, மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டு, கேட்டாள்:

"சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டார்கள். அந்தக் கேள்வி அவர் கோபத்தில் முதலாவதாகக் கேட்கிற கேள்வி என்பது எங்கள் வீட்டில் நாலு பேருக்குத்தான் தெரியும். ஆனால் முன்னூறு பெண்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவரவருக்கு ஊரில் ஒரு அப்பா இருப்பார் அல்லவா?

மாமா கைதட்டவில்லை. துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது என்னிடம் கேட்டார்:

"அந்தப் பையனுக்கு எந்தக் கையிலே விரல் போச்சு?"

"அது நாடகம், மாமா. பையனுக்குப் பத்து விரலும் இருக்கு."

"நல்லது" என்றார். கடைசி பஸ் வரும் வரை வேறு ஒன்றும் பேசவில்லை.

இதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று எழுதினால் அது மலைக்கள்ளன் முடிவாகிவிடும். சுலபமாக நடக்கவில்லை. பங்காளிகள் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டார்கள். மாசிப் படையல் முறையை மாமாவிடமிருந்து பிடுங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் தோப்புக்கே போகவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அக்காள் சொன்னாள்.

கல்யாணத்துக்குச் சட்டம் பார்த்தோம். 'மலைக்கள்ளன்' வந்த அதே 1954-ல் வந்த தனித் திருமணச் சட்டம் ஒன்று உண்டு. அதன்படி முப்பது நாள் ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் தொங்க வேண்டும். பங்காளிகள் படித்துப் பார்க்க முப்பது நாள் எதற்கு? 1967-ல் அண்ணா முதல் மந்திரியாக இருந்தபோது சென்னைச் சட்டசபையில் நிறைவேறிய திருத்தம் எங்களுக்குப் போதுமாயிருந்தது. உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றினால் சரி, பிறகு பதிவு. இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி ஜில்லாப் போலீஸ் ஆபீசில் ஒரு மனுவும் கொடுத்து வைத்தோம். வெட்கப்பட ஒன்றுமில்லை, காவல் இல்லாமல் பொம்மியின் குடிசை ஏது?

வைகாசியில் ஓசூரில் ஒரு சிறு மண்டபத்தில் மாலை மாற்றினார்கள். மாலை பையனின் அப்பா வேலை செய்யும் தோட்டத்து ரோஜா. பதிவு ஆபீசில் சாட்சிக் கையெழுத்து நான் ஒன்று, அக்காள் ஒன்று, திருவாரூர்ப் பெண் ஒன்று. அக்காள் பேனாவைப் பிடித்த அழுத்தத்தில் காகிதம் கிழிந்துவிடுமோ என்றிருந்தது.

மாமா மண்டபத்துக்கு வரவில்லை. ஆபீஸ் உள்ளேயும் வரவில்லை. ஆனால் எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். காலடியில் இரண்டு கூடை செந்தூரா மாம்பழம். நாங்கள் வெளியே வந்தபோது மகளிடம் அவர் என்ன கேட்டார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பையனின் அப்பா கடைக்கு வெளியே, வெயிலில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். மாமா பெஞ்சில் சற்று நகர்ந்தார். அவர் உட்காரவில்லை. மாமா மறுபடியும் நகர்ந்து, மண்டி வியாபாரத்தில் பழகிய அரைகுறைத் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு டீ வந்தது. மாம்பழம் இந்த வருஷம் என்ன விலை போகிறது என்று அவர் கேட்டார். அவ்வளவுதான், மாமா ஆரம்பித்துவிட்டார்: கூழ் பாக்டரிக்காரர்கள் சேர்ந்துகொண்டு விலையை அடிக்கிறார்கள், கூலிக்குக்கூடக் கட்டவில்லை, மரத்திலேயே விட்டுவிடலாம் போல் இருக்கிறது என்று. ரோஜாவுக்கும் அதே கதிதான் என்றார் இவர். காதலர் தினம் போனால் கேட்பாரில்லையாம். கிருஷ்ணகிரி பஸ் வந்து, நின்று, போய்விட்டது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.